கழுத்தில் கிடந்த கருமணி

நாங்கள் நரிக்குறவர்கள். என் தங்கைக்குப் பிரசவ வலி கண்டதும் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வார்டுக்குள் நுழைந்ததுமே நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

குழந்தையின் துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாதென்று நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்து தங்கையின் கழுத்திலிருந்த கருமணி மாலையைப் பிடித்து இழுத்தார். தங்கைக்கு எங்கள் பாஷைதான் தெரியும். இரண்டு கையாலும் மாலையைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

"ஆபரேஷன் வேணாம்னா எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போ" என்றார் நர்ஸ்.

நான் சுற்றிலும் பார்த்தேன். அடுத்த கட்டிலில் வைத்திக்குப்பத்து மீனவ அக்கா ஒருத்தி ஆபரேஷனுக்குத் தயாராகப் படுத்திருந்தாள். அவள் தாலியைப் பிளாஸ்திரி போட்டுக் கழுத்தோடு ஒட்டியிருந்தார்கள்.

"சிஸ்டர், அது அவ புருஷன் கட்டுன தாலி. இந்த அக்காவுக்கு ஒட்டுன மாதிரி ஒட்டிடுங்க."

"இதுவா தாலி?" என்று சிரித்தார்.

அந்த அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "தங்கத்துல இருந்தாத்தான் தாலியா? ஒட்டும்மா, உள்ள புள்ள தவிக்குது!"

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒட்டினார். பெண் குழந்தை உயிரோடு பிறந்தது.

அடுத்த கட்டிலுக்குக் கேட்காமலே கிடைத்ததை நாங்கள் கெஞ்சி வாங்கினோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.