பத்தடி பைப்பும் சாத்தாத கதவும்

விர்ர்ர்... டக். இருட்டின பிறகு முன்னறையில் இப்படி ஒரு சத்தம் கேட்டால், மற்ற வீடுகளில் எலி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடலாம். மேடை லைட் வாடகைக்கு விடுகிறவள் மட்டும் எழுந்து போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நானோ இருட்டைக் கண்டாலே பயப்படுகிறவள். எப்படிப்பட்ட ஆள் எப்படிப்பட்ட தொழிலுக்கு வந்திருக்கிறாள் பாருங்கள்.

பள்ளிக்கூட ஆண்டு விழா, சலங்கை பூஜை, கோயில் திருவிழாவில் பிள்ளைகள் ஆடும் டான்ஸ், இவற்றுக்கெல்லாம் செஞ்சியிலும் சுற்று ஊர்களிலும் லைட் கொடுக்கிறேன். பெரிய கச்சேரிக்கு வெளியூரிலிருந்து லாரியில் லைட் வரும். என் சரக்கு மொத்தமும் ஒரு குட்டி யானை வண்டியில் அடங்கிவிடும். வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். லோடு இறங்கினால்தான் வீட்டு ஞாபகம். மற்ற நாளெல்லாம் மூன்று வயதுப் பாப்பாவும் நானும்தான். சரக்கு வாங்கின அன்றே அவர் சொல்லிவிட்டார்: "ஆடி முடியற வரைக்கும் பாரு. ராத்திரில தனியா பயந்துகினு கெடக்கறேன்னா, எல்லாத்தையும் வித்துட்டுத் தொண்டூருல எங்கம்மாகூடப் போய் இரு." விற்கக் கூடாது என்பது என் பிடிவாதம். பயமாக இருக்கிறது என்பது என் நிலைமை. பிளக் பாயின்ட் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களே, ஒயரைச் சுற்றிச் சுற்றிக் கை காய்த்தவர்களே, பாப்பா தூங்கின பிறகு உட்கார்ந்து உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு ஒரு தும்பிக்கை

சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கித்தான் வாங்கினேன். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தூக்க முடிகிற எடையா என்று பார்த்தேன். பிளாஸ்டிக் உடம்பா, அலுமினியமா என்று தட்டிப் பார்த்தேன். ஸ்டாண்டு மடங்குகிறதா என்று நானே மடக்கிப் பார்த்தேன். கான்வென்டில் படித்தவளாயிற்றே, எதையும் விடவில்லை. ஆனால் இரண்டு ஸ்டாண்டுக்கும் நடுவில் லைட்டுகளைத் தொங்கவிட ஒரு குறுக்குப் பைப் வேண்டும். மேடைகளின் அகலம் பார்த்துப் பத்தடியில் வாங்கினேன். ஊரில் உள்ள மேடையெல்லாம் அளந்தவள், வீட்டை அளக்கவில்லை.

எங்கள் முன்னறையில் அது நீட்டுவாக்கில் அடங்காது. குறுக்கே வைக்கக் கட்டில் விடாது. நிறுத்தி வைக்க ஷீட் கூரை இடம் தராது. வெளியே போட்டால் விடிவதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். கடைசியில் அதன் முனை வாசலைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கொண்டது. கதவைச் சாத்த முடியாது. கயிற்றால் இழுத்துக் கட்டலாம், அவ்வளவுதான். கோட்டைப் பக்கமிருந்து காற்று வந்தால் கதவு பைப்பில் போய் இடிக்கும். அந்த 'டக்' அதுதான். அறுத்து இரண்டாக்கிவிடலாம் என்றால் வீட்டுக்காரர் போனில் தடுத்துவிட்டார். அறுத்த பைப்பை யாரும் விலைக்குக் கேட்க மாட்டார்களாம். வைத்துக்கொள்வதா விற்பதா என்று தெரிகிற வரைக்கும் அதன்மேல் ரம்பம் படக் கூடாதாம். சரக்கை இறக்கிக் கொடுத்த குட்டி யானை ஏழுமலை அண்ணன் தெருவில் நின்று வாசலைப் பார்த்தார். "இன்னா தங்கச்சி, லைட்டு வாங்கினியா, இல்ல வூட்டுக்குத் தும்பிக்கை வாங்கினியா?"

சிவப்பு மூஞ்சி

முதல் வேலை ஒரு சலங்கை பூஜை. விலை குறைந்த லைட்டில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுதான் இருக்கும். மூன்றையும் சேர்த்துப் போட்டால் வெள்ளை என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வெள்ளைதான். ஆனால் மனித முகத்துக்கு ஆகிற வெள்ளை இல்லை. பட்டுப் புடவை ஜொலித்தது. ஆடின பெண்ணின் முகம் மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மேடைக்கு வந்த மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா ஓரமாக வந்து என் காதருகே சொன்னார்: "ஏம்மா, வூட்ல இருந்து நல்லாத்தானே வந்தா, உன் லைட்டுல நின்னதும் காமாலை வந்துடுச்சே?"

அன்றைக்குத் தூக்கம் போயிற்று. பாதி லைட்டைக் கொடுத்துவிட்டு, வெயில் போல மஞ்சள் கலந்த வெளிச்சம் தருகிற லைட்டை மாற்றி வாங்கினேன். புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சுவரில் அடித்துப் பார்க்காதீர்கள், முகத்தில் அடித்துப் பாருங்கள். நான் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு நிறமாக என் முகத்திலேயே போட்டுப் பார்த்தேன். கதவுதான் சாத்தாதே! அந்த வழியாகப் போன எதிர்வீட்டு அக்கா ஐயோ என்று கத்திக்கொண்டு ஓடினது எனக்கும் கேட்டது. பிறந்ததிலிருந்து நான்தான் எதையாவது பார்த்துப் பயந்திருக்கிறேன்; என்னைப் பார்த்து ஒருவர் பயந்தது அதுவே முதல் தடவை. மறுநாள் குழாயடியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ராத்திரி உங்க வூட்ல செவப்பா ஒரு மூஞ்சி தெரிஞ்சுது கண்ணு, வாசல்ல வேப்பிலை கட்டு."

சம்மனசு வந்த வண்டி

நான் படித்த கான்வென்டிலேயே கிறிஸ்துமஸ் நாடகத்துக்குக் கூப்பிட்டார்கள். பெருமை தாங்கவில்லை. எந்த மேடை ஓரத்தில் ஆட்டுக்குட்டி வேஷம் போட்டு நின்றேனோ, அதே மேடைக்கு இப்போது நான் லைட் போடுகிறேன். மரியாள் முட்டி போட்டிருக்கிறாள். ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சம்மனசு, அதாவது தேவதூதர், வேஷத்தில் ஒரு குழந்தை இறக்கையோடு வந்து நின்றது. அதன்மேல் மெல்ல வெளிச்சத்தை ஏற்றினேன். விர்ர்ர்ர் என்று லைட்டுக்குள் இருந்த ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

விலை குறைந்த லைட்டில் இது ஒன்று உண்டு. சூடேறினால் உள்ளே ஃபேன் சுற்றும், ஆறினால் நிற்கும். திருவிழாவில் ஸ்பீக்கர் அலறும்போது யாருக்கும் கேட்காது. வசனம் பேசுகிற இடத்தில், அமைதியாக அபிநயம் பிடிக்கிற இடத்தில், ஃபேன் இல்லாத லைட்தான் வேண்டும். இது எனக்குத் தெரியாமல் போயிற்று. விழா முடிந்ததும் சிஸ்டர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பழைய பயத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கன்னத்தில் தட்டி, "லைட் ரொம்ப அழகும்மா" என்றவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "ஆனா நம்ம சம்மனசு எதுக்கு ஹெலிகாப்டர்ல வந்தாரு?"

காவலுக்கு ஒரு லைட்

அந்த ஃபேன் லைட்டை நான் விற்கவில்லை, வீட்டுக் காவலுக்கு வைத்துக்கொண்டேன். சத்தம் கேட்டால் தானாகப் பளிச்சிடுகிற வசதி அதில் உண்டு. மேடைக்கு அது ஆகாது. கைதட்டினாலும் மின்னும், யாராவது இருமினாலும் மின்னும். ஆனால் சாத்தாத கதவுக்கு அதைவிட நல்ல நாய் கிடையாது. கயிறு கட்டின கதவைப் பார்த்து அதை வைத்துவிட்டுப் படுப்பேன். பூனை குதித்தால் பச்சை, பாப்பா சிணுங்கினால் நீலம்.

ஒரு நாள் பொழுது சாய்ந்து அத்தை தொண்டூரிலிருந்து சொல்லாமல் வந்துவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். அவர் கதவைத் தட்டினாரோ இல்லையோ, சிவப்பு, பச்சை, நீலம் என்று முகத்தில் மாறி மாறி அடித்திருக்கிறது. பயந்து சத்தம் போட்டிருக்கிறார். போட்ட சத்தத்துக்கு இன்னும் வேகமாக மின்னியிருக்கிறது. நான் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினேன். அத்தை கூடையைக் கீழே வைத்தார். பைப்பைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கதவு இல்லாத வூட்ல கொழந்தைய வெச்சிகினு இது இன்னா கூத்து? ஆடி முடியட்டும், மூட்டையக் கட்டு."

அம்மனுக்கு அணைந்தது

ஆடியும் வந்தது. தளவானூர் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழா. பள்ளிக்கூடம் படிக்கிற பெண்பிள்ளைகள் சேர்ந்து ஆடப்போகிறார்கள். பாப்பா என் தோளில் தூங்கிவிட்டாள். மேடையில் வெளிச்சம் வேண்டுமென்றால் லைட் போடுகிறவள் இருட்டில் நிற்க வேண்டும்; இதையும் வாங்கும்போது எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. பின்னால் புளியமரம், அதற்கும் பின்னால் கரும்புக் கொல்லை. எனக்கு முதுகு சில்லென்றே இருந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று முதல் அடி எடுத்து வைக்கப்போகிற நேரம், எல்லாச் சுமையும் ஒரே ஒயரில் இழுத்ததில் கோயில் ஃபியூஸ் போய்விட்டது. கோபுரம் மாதிரி ஜோடித்திருந்த சீரியல் செட், விளக்குகளால் செய்த அம்மன் உருவம், ஸ்பீக்கர், எல்லாம் ஒரே அடியில் அணைந்தன. வரிசையில் ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

என் லைட் சின்னது. அதைச் சொல்லி ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆனால் சின்ன லைட்டுக்குப் பசியும் சின்னதுதான். ஏழுமலை அண்ணன் வண்டியில் நான் எப்போதும் ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் போட்டு வைத்திருப்பேன். பயந்தவள் எதையும் நம்ப மாட்டாள் அல்லவா? "அண்ணா, வண்டியப் பின்னால எடு!" என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஒயரைக் குத்தினேன். யாரோ போனில் பாட்டைப் போட்டு ஒரு குட்டி ஸ்பீக்கரை மேடையில் வைத்தார்கள். ஊரே இருட்டு. அந்தப் பிள்ளைகளின் முகங்கள் மட்டும் வெயிலில் நிற்கிற மாதிரி தெரிந்தன. காமாலை இல்லை, ஹெலிகாப்டர் இல்லை. அழுத பெண்தான் எல்லாரையும்விட நன்றாக ஆடினாள். ஆட்டம் முடிந்து ஊர் கைதட்டும்போதுதான், இவ்வளவு நேரம் கொல்லைக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறேன் என்பதே எனக்கு நினைவு வந்தது.

ஒயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண்ணின் அப்பா வந்து நின்றார். மேடையைக் காட்டிச் சொன்னார்: "எங்க ஊர்ல லைட்டுன்னா அம்மனுக்குத்தாம்மா. எம்பொண்ணுக்குப் போட்டு இன்னைக்குத்தான் பாக்கறேன்."

ரம்பம்

ஆடி முடிந்த மறுநாள் வீட்டுக்காரர் போன் செய்து, "இன்னா முடிவு பண்ண?" என்று கேட்டார். வெல்டிங் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். போனை ரம்பத்தின் பக்கம் நீட்டினேன். தீப்பொறி பறந்த சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். "அறுத்துட்டியா?" என்றார். "அறுத்தாச்சுங்க, இனிமே எவனும் வாங்க மாட்டான்" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். இரண்டு துண்டுக்கும் உள்ளே ஒரு சின்னக் குழாயைச் செருகிச் சேர்த்து ஆணி போடுகிற மாதிரி செய்து கொடுத்தார்கள். மேடையில் பத்தடி, வீட்டில் ஐந்தடி.

சாயங்காலம் அத்தை போன் செய்தார். மூட்டை கட்டியாயிற்றா என்றுதான் கேட்கப்போகிறார் என்று நான் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். தளவானூர் பக்கத்து விஷயம் எனக்கு முன்னால் பஸ் ஏறித் தொண்டூர் போயிருக்கிறது. "நவராத்திரிக்கு நம்ம தெருப் பொண்ணுங்க ஆடுதுங்களாம். வந்து லைட்டப் போடு, போட்டுட்டு உன் வூட்டுக்குப் போ."

இப்போது பைப் இரண்டு துண்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. இத்தனை மாதம் வேலையில்லாமல் இருந்த தாழ்ப்பாள் துருவேறி இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டு, குழவியால் தட்டித் தட்டி இன்றைக்குத்தான் நகர்த்தினேன். காவல் லைட் விர்ர்ர் என்கிறது, டக் வரவில்லை. ஊர் ஊராக வெளிச்சம் போட்டும் எனக்கு இருட்டுப் பயம் விட்டபாடில்லை. ஆனாலும் தன் கையால் தொழில் செய்கிறவள், தன் வீட்டில், கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு கௌரவமாகப் பயப்படலாம்.