சகலையின் நீலம்

இன்னொருவருடைய சிறுநீரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். பிறர் நிலத்தைப் பார்த்தும் பிறர் பிள்ளைகளின் மார்க்கைப் பார்த்தும் வயிறெரிகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அதிலாவது ஒரு கௌரவம் இருக்கிறது. அலமாரி கொள்ளாமல் புத்தகம் வாங்கிப் படித்த, காரைக்குடியில் பையன்களுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்த எனக்கு வாய்த்த பொறாமை இந்தத் தரத்தில் இருந்தது.

அந்த இன்னொருவர் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர்; கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சர்க்கரை வியாதி என்று தெரியவந்தது. மாமனார் வீட்டுச் சீர் போல இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் பாரபட்சமில்லாமல் வந்து சேர்ந்தது. பாரபட்சம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அப்போதெல்லாம் வீட்டிலேயே விரலைக் குத்தி ரத்தம் பார்க்கிற கருவி ஏது? மருந்துக்கடையில் ஒரு நீலக் கரைசல் விற்றார்கள். கண்ணாடிக் குழாயில் அதைக் கொஞ்சம் ஊற்றி, சில சொட்டுச் சிறுநீரை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், ஆரஞ்சு. மிஞ்சிப் போனால் செங்கல் நிறம். என் குழாய் பச்சையிலும் மஞ்சளிலும் நின்று இளைப்பாறியதே இல்லை. எங்கள் கூடத்தில் பதித்த சிவப்பு ஆத்தங்குடிக் கல் மேல் அதைப் பிடித்தால் எது தரை, எது நான் என்று சொல்ல முடியாது.

“சோத்தக் குறைச்சுக் கோதுமைக்கு மாறுங்க சார். அடுத்த தடவையும் இதே நிறம்னா தினம் ஊசிதான்,” என்றார் டாக்டர்.

ஊசி என்றால் எனக்குப் பயம். கோதுமைக்கு மாறினேன். சோறு போன துக்கத்தில் சப்பாத்தியை அடுக்கினேன். கோதுமை மருந்து; மருந்தைக் கூடுதலாகச் சாப்பிட்டால் குணமும் கூடுதலாகும் என்பது என் கட்சி. சீனியை அறவே ஒழித்தேன். காப்பிக்குக் கருப்பட்டி வந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் மைத்துனி வருவாள்.

“ஒங்க வீட்டுல எப்படிடி?” என்பாள் என் மனைவி.

“நீலந்தேன்க்கா. நேத்தும் நீலந்தேன்.”

“இங்குட்டு செங்கச் சூளை,” என்பாள் மனைவி, எனக்குக் காதில் விழும் என்பதை நிச்சயப்படுத்திக்கொண்டு.

எனக்கு ஆறவில்லை. அந்த மனிதர் போகாத கல்யாணம் கிடையாது. போன இடத்தில் நான் முதல் பந்தியில் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழும் வரை அவர் சாப்பாட்டுக் கூடத்தைவிட்டு வெளியே வந்ததில்லை. வரும்போது வேட்டியெல்லாம் சாம்பார்க் கறை. இப்படித் தின்கிறவனுக்கு நீலமா? கரைசலில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, என் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

“வாங்கண்ணே. என்ன, பாட்டிலோட வந்திருக்கீக?”

“ஒங்க கரைசல் பழசோன்னு ஒரு சந்தேகம் தம்பி.”

அவர் மறுபேச்சில்லாமல் கொல்லைக்குப் போய்வந்தார். என் கரைசலில் அவருடையது கொதித்தது. நீலம். கார்த்திகை மாதத்து மழை விட்ட வானம் மாதிரி நீலம்.

“நீங்களும் என் கரைசல்ல பாத்துருங்கண்ணே,” என்றார். குத்தல் துளியும் இல்லை. அதுதான் குத்தியது. பார்த்தோம். செங்கல்.

அந்த ஆவணியில் பள்ளத்தூரில் மைத்துனர் மகளுக்குக் கல்யாணம். வீட்டு மாப்பிள்ளைகளுக்கு முதல் பந்தியில் இலை. கேட்காமலே எல்லாம் இரண்டு மடங்கு விழும். வேண்டாமென்றால் வீட்டாருக்குக் குறை. நான் குறை வைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் சகலைக்குப் போட்ட இலை ஆளில்லாமல் காலியாகவே கிடந்தது. அன்றைக்குத் தூக்கத்தைத் தியாகம் செய்து வேவு பார்த்தேன்.

சகலை வேட்டியை மடித்துக் கட்டி, சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வாளி தூக்குவதா என்று எனக்கே மானம் போனது. பந்தி மேல் பந்தியாக நடந்தார். எல்லாம் ஓய்ந்தபின் பரிமாறியவர்களோடு உட்கார்ந்து, நிறைய அவரைக்காயும் கீரையும், கைப்பிடிச் சோறும் மோரும் சாப்பிட்டார்.

“என்ன தம்பி இது, மாப்பிள்ளை முறைய விட்டுட்டு?”

“ஒக்காந்தா நெறப்பிப்புடுவாகண்ணே. எத்தன பேருக்கு வேணாம் வேணாம்ங்கிறது? வாளிய எடுத்துட்டா சாப்டீகளான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக. கடேசிப் பந்தி வர்றதுக்குள்ள இனிப்பும் தீந்துரும். காயத் தின்னுட்டு ஒரு கை சோறு. அம்புட்டுத்தேன்.”

“ஆசையே வராதா?”

“வராமயா? அதுக்குத்தேன் கந்தரப்பத் தட்ட மட்டும் நான் தொடுறதில்ல.”

அவருக்கும் என் நாக்குதான் என்று தெரிந்ததும் பொறாமை இரட்டித்தது. நாக்கே இல்லாதவன் ஜெயித்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

சாயந்திரப் பலகாரத்துக்கு நானும் பரிமாற எழுந்தேன். மைத்துனர் பதறி, “நீங்க ஒக்காருங்க மாப்ள!” என்று கையைப் பிடித்தார். உதறினேன். சாம்பார் வாளி என் பட்டுக்கரை வேட்டியில் சிந்தும் என்பதால், வெல்லம் கரைத்துப் பொரித்த கந்தரப்பத் தட்டை வாங்கிக்கொண்டேன். அடுப்படியிலிருந்து பந்திக்கு இரண்டு முற்றம் தாண்ட வேண்டும். நடுவில் ஆளில்லாத ஒரு நடை. ஒவ்வொரு தடவையும் அங்கே ஒன்றை வாயில் போட்டுப் பதம் பார்ப்பது பரிமாறுகிறவன் கடமை என்று எனக்குத் தோன்றியது. யாரும் என்னைச் சாப்பிட்டீகளா என்று கேட்கவில்லை. சகலை சொன்னது சரிதான்.

ஊருக்குத் திரும்பியதும் டாக்டர் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஊசி எழுதினார். போடக் கற்றுக்கொண்டவள் என் மனைவி. அவள் கை நடுங்கவில்லை.

சில வாரங்களில், ஒரு காலை, குழாய் கொதித்து அடங்கியும் நீலம் மாறவில்லை. விளக்கை அணைக்கவும் மறந்து, குழாயை ஏந்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

“பாத்தியா! நீலம்! ஒந் தங்கச்சி வீட்டுக்கு இப்பவே சொல்லிவிடு.”

மனைவி அதை வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இது ஊசியோட நீலம். அவுகளுது அவுக நீலம்,” என்றாள். “கழுவி வச்சுட்டு வாங்க, காப்பி ஆறுது. கருப்பட்டியும் போடல.”