தொட்டியை ஒழித்துவிட்டுப் போ

கிளினிக்கில் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு ஊசி போடுகிற கை அது. குழந்தைகள்கூட, வலித்ததா இல்லையா என்று யோசித்துவிட்டுத்தான் அழும். அதனால் தெருவே அவளை ஊசி சிஸ்டர் என்றது. வாரம் ஆறு நாள் மனிதர்களுக்குப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கையால் வீட்டு உப்புத்தண்ணீர் மீன் தொட்டிக்குள் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

தொட்டி புருஷன் வாங்கியது. லாரி ஆபீசில் வேலை பார்க்கிற அந்த மகானுக்கு ஆசை வந்தால் அடைமழை, போனால் கோடை. மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு ஆரஞ்சு மீன்களும் ஒரு கூடை கடல் பாறையும் வந்து இறங்கின. மூன்றாவது மாதமே, "எனக்கு அந்தத் தண்ணி ஆகல, கையெல்லாம் தடிச்சுப் போகுது" என்று ஒதுங்கிக்கொண்டான். அன்றிலிருந்து தண்ணீர் நிரப்புவது, உப்பு பார்ப்பது, கண்ணாடி துடைப்பது எல்லாம் அவள் தலையில். இரண்டு நாள் விட்டால் மீன் பிழைக்காது. கல்யாணம், காரியம் என்று ஒரு ராத்திரி அவள் வெளியே தங்கியதில்லை.

பாறையோடு ஒட்டி வந்தது ஒரு கடல் சாமந்தி. விரல்நுனி அளவு, வெளிறிய பூ மாதிரி ஒரு கடல் உயிர். அழகாக இருக்கிறதே என்று முதலில் அவளே ரசித்தாள், பாவம். அது பத்தாகி முப்பதாகி, பக்கத்தில் வந்த மீனைக் கொட்ட ஆரம்பித்தபோதுதான் மீன் கடைக்காரர் விஷயத்தைச் சொன்னார். "சுரண்டிடாதீங்க. துணுக்கு மிஞ்சினாலும் அது தனியா முளைச்சிடும். சுண்ணாம்பைக் கரைச்சு அதோட வாயில ஊசியால விடுங்க, செத்துடும்." இதை அவள் புருஷனிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். அவன் டிவியைப் பார்த்தபடி "உம்" கொட்டினான்.

போன வருடம் வேறு ஊரின் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து உத்தரவு வந்தது. நிரந்தர வேலை. அவன் தடுக்கவே இல்லை. அதுதான் அவன் சாமர்த்தியம். "தாராளமா போ. தொட்டியை ஒழிச்சிட்டுப் போ" என்றான். யார் எடுப்பார்கள்? சாமந்தி இருக்கிறது என்றதுமே எல்லாக் கடைக்காரர்களும் போனை வைத்தார்கள். மறைத்து யார் தலையிலாவது கட்டவும் அவளுக்கு மனசில்லை, மீன்களைச் சாகவிடவும் மனசில்லை. உத்தரவு காலாவதியானது. இப்போது இரண்டாவது உத்தரவு. வியாழக்கிழமைக்குள் சேராவிட்டால், வயசு வரம்பு தாண்டிவிடும், மூன்றாவது வராது. தொட்டிக்குள் இருக்கிற மீனாவது நாலு பக்கமும் சுற்றி வருகிறதே என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

கடைசியில் ஒருவர் அகப்பட்டார். ஓடில்லாத ஒரு வகைக் கடல் நத்தையை வளர்த்து விற்கிறவர். அந்த நத்தை இந்தச் சாமந்தியைத்தான் தின்னும். இல்லாவிட்டால் பட்டினி கிடந்து சாகும். "என்கிட்ட சாமந்தி தீர்ந்துபோச்சு சிஸ்டர். உங்ககிட்ட இருந்தா தொட்டி, மீன், எல்லாத்தையும் சேர்த்தே தூக்கிக்கிறேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றேன்" என்றார்.

விருந்தாளி வருகிறார் என்றால் நாம் என்ன செய்வோம்? அவளும் அதைத்தான் செய்தாள். பெருக்கினாள், துடைத்தாள், சோபா உறை மாற்றினாள். அதே ஓட்டத்தில், மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில், ஊசியையும் எடுத்தாள். கண்ணில் பட்ட முப்பத்திரண்டுக்கும் சுண்ணாம்பு விட்டாள். ஊசி அலமாரிக்குள் போன பிறகுதான் புத்தி வெளியே வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நத்தைக்காரர் வந்து கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து தேடினார். "ஒண்ணுகூட இல்லையே சிஸ்டர்? இதை நம்பி வண்டியோட வந்தேனே."

"பழக்கதோஷம் சார்" என்றாள்.

"அவ சுத்தக்காரி சார், ஊருக்கே தெரியும்" என்றான் புருஷன் சோபாவிலிருந்து. அவன் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து அவள் பார்த்ததில்லை.

ஒளிந்திருப்பது இருட்டில்தான் தீனிக்குத் தலை நீட்டும் என்று அவள் தொட்டி விளக்கை அணைத்தாள். ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தண்ணீரில் தூவிவிட்டு நின்றாள். மூன்று வருடமாக எதைச் சபித்தாளோ அதையே, வந்துடு, ஒண்ணே ஒண்ணு வந்துடு என்று கெஞ்சினாள். ஐந்து நிமிடம். பம்ப்புக்குப் பின்னாலிருந்து நூல் மாதிரி ஏதோ நீண்டது. பிறகு கட்டைவிரல் அளவு சாமந்தி விரிந்தது.

"அப்பாடா" என்றார் நத்தைக்காரர்.

புருஷன் எழுந்துவிட்டான். "இருங்க சார், இதையும் எடுத்துட்டா தொட்டி பளிச்சுனு ஆயிடும்" என்று பெயிண்ட் சுரண்டுகிற தகட்டை எடுத்தான். சட்டைக் கையை மடித்தான். நத்தைக்காரர் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். அவன் முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அதைக் கண்டதுண்டமாகச் சுரண்டித் தள்ளினான். பம்ப் அத்தனை துணுக்கையும் வாங்கி, மூலை முடுக்கெல்லாம் பரப்பியது.

"ஒழிஞ்சுது சனியன்" என்றான் மூச்சு வாங்க.

"ஒழியறதாவது! நாத்து நட்டுக் குடுத்திருக்கீங்க சார். பத்தே நாள்ல தொட்டி நிறைஞ்சிடும்" என்று நத்தைக்காரர் சிரித்தபடி ஆளைக் கூப்பிட வண்டிப் பக்கம் போனார்.

அவன் சொட்டச் சொட்ட நின்றான். அவள் துண்டை எடுத்து வந்து அவன் கையை விரலிலிருந்து முழங்கை வரை ஒற்றித் துடைத்தாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நோயாளியின் கையைப் பார்ப்பதுபோல. ஒரு தடிப்பு இல்லை.

"உங்களுக்கு இந்தத் தண்ணி நல்லாத்தாங்க ஆகுது" என்றாள்.