முக்கூடல் பஸ்ஸில் ஓர் ஒத்திகை

இன்று காலை முக்கூடல் பஸ்ஸில், கல்லூரியில் பேச வேண்டியதை போனில் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். தலைப்பு: புகையும் மாணவர் மனநலமும். உளவியல் டீச்சர் என்றால் இதற்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

பக்கத்தில் இருந்த அக்காவின் மடியில் ஒரு கூடை. வீட்டில் சுற்றிய பீடியைப் பேட்டையில் உள்ள பீடிக்கடையில் கொடுத்துக் கூலி வாங்கப் போகிறார்.

“என்னத்த டீச்சர் வாசிக்கிய?”

“டென்ஷன் குறையும்னு பிள்ளைய சிகரெட் குடிக்காங்கல்லாக்கா. அது டென்ஷனக் கூட்டத்தான் செய்யும்னு சொல்லப் போறேன்.”

“நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க. எம்மவனும் காலேஜ்லதான் படிக்கான். பரீச்சை வந்தா மனசு படபடன்னு அடிக்காம், ஊதுனாத்தான் அடங்குதாம்.”

“பீடியா?”

அக்காவின் முகம் வாடிவிட்டது.

“பீடி குடிச்சாக்கூட மனசு ஆறும் டீச்சர். சிகரெட்டுல்லா குடிக்கான். அவனுக்கு ஃபீஸ் கட்டுதது இந்தப் பீடிதான்.”

பேட்டை வந்ததும் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டவர், படிக்கட்டருகே நின்று திரும்பினார்.

“டீச்சர், பிள்ளையகிட்ட மட்டும் சொல்லுங்க, என்ன. பெரியாளுககிட்ட சொல்லி பீடிய விட வச்சிராதிய.”

அக்கா சொன்னபடி பிள்ளைகளைப் பற்றி மட்டுமே பேசினேன். பேச்சு நன்றாகத்தான் போனது, கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து கேட்கும்வரை.

“அப்பம் பெரியவங்க குடிச்சா மட்டும் டென்ஷன் குறையுமா மேடம்?”

யார் வீட்டுப் பிள்ளை என்று நான் விசாரிக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லி மேடையைவிட்டு இறங்கிவிட்டேன்.

நாளைக்கும் எனக்கு அதே பஸ்தான். பதில் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக, அக்காவுக்குக் கேட்காத மாதிரி.