4119

நூலகர் அடிக்கோலைப் பதிவேட்டின் மேல் வைத்து வரி வரியாகக் கீழே நகர்த்துகிறார். மருத்துவக் கல்லூரி நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு புத்தகமும் எண்ணோடு அதில் ஏறியிருக்கிறது. எந்த மேதை வந்து கேட்டாலும் ஒரே பதில்தான்: “ஏட்டுல இருந்தா இருக்கு. இல்லன்னா என்னைக் கேக்காதீங்க.”

மாணவர்கள் வைத்த பெயர் ‘ஏட்டய்யா’. மனைவி இறந்து ஒன்பது வருடம். வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு நூலில் பொத்தான் தைத்துக்கொள்கிறார். பழைய பதிவேடுகளின் அறையில் தனியாகச் சாப்பிடுகிறார். எதிர் நாற்காலியில் குடை உட்கார்ந்திருக்கும். முன்பு அங்கே உட்கார்ந்து இவரோடு சாப்பிட்டவர், புத்தகம் சுமக்கும் கடைநிலை ஊழியர்.

முப்பத்தோரு வருடம் முன்பு, வேலைக்கு வந்த புதிதில், பக்கம் திருப்பும்போது இவர் ஓர் எண்ணை விட்டுவிட்டார். 4118-க்குப் பிறகு 4120. வருடக் கணக்கெடுப்பில் 4119 இல்லை. தவறு இவருக்குப் புரிவதற்குள் ‘ஒரு புத்தகம் காணவில்லை’ என்று அறிக்கை போய்விட்டது. சுமந்தவரைப் பிடித்து விசாரித்தார்கள். அவருக்கு வரவேண்டிய எழுத்தர் வேலை வரவில்லை. இவர் வாய் திறக்கவில்லை. அவர் இவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அதன்பின் இவர் வருடந்தோறும் ‘4119 காணவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தார்.

இந்த வாரம் ஓய்வு. பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற வந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

“சார், 4119-க்குப் புத்தகத்தோட பேர் கேக்குது.”

“அது தொலைஞ்சு போச்சும்மா.”

“தொலைஞ்சதுக்கும் ஒரு பேர் இருக்குமே சார்? பேரே இல்லாத புத்தகத்த யாரு வாங்குனது?”

அவர் அடிக்கோலை மேலும் கீழும் நகர்த்தினார். அவளுக்குப் பாவமாகிவிட்டது. “போற நேரத்துல எதுக்கு சார் வம்பு? ஏதோ ஒரு பேரப் போட்டுடறேன்.”

“வேண்டாம், கைய எடு.” பேனாவைத் திறந்தார். குறிப்புக் கட்டத்தில் மூன்று வரி எழுதினார். பதிவேட்டை இடுக்கிக்கொண்டு எதிரே இருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

எலும்பு முறிவு வார்டில், மூன்றாவது கட்டிலில், இடுப்பு உடைந்து அந்தப் பழைய ஊழியர் கிடந்தார்.

“என்ன, தலகாணிக்கு அடியில தேட வந்தியா?”

இவர் பதிவேட்டை விரித்துக் காட்டினார்.

“கண்ணாடி இல்ல. நீயே படி.”

படித்தார். “இந்த எண்ணில் புத்தகம் எதுவும் வரவில்லை. எண்ணைத் தவறவிட்டவன் நான். சுமந்து வந்தவர் மேல் குற்றமில்லை.” கடைசி வரியை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

“கேக்கல. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படி.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். நர்ஸ் மாத்திரைத் தட்டோடு நின்றாள். இவர் நிமிர்ந்து, ஒரு சொல் விடாமல் மறுபடி படித்தார்.

இடுப்பு உடைந்தவருக்கு ஒரு விரல் அளவு அசைவதும் வலி. அவர் கட்டில் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஓரமாக நகர்ந்தார்.