எலுமிச்சம்பழத்தில் சிக்கிய ட்ரெட்மில்

வந்த வண்டியைப் பார்

சேலத்தில் உடற்பயிற்சிக் கருவிகள் விற்கும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ட்ரெட்மில் என்பதை ஒரு தடவைகூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை. அதற்கு முன்பு பட்டுப்புடவைக் கடையில் இருந்தேன். முதல் நாள் காலையிலேயே முதலாளி என்னைக் கண்ணாடிக் கதவுக்கு அருகில் நிறுத்திப் பாடம் எடுத்தார்.

"இதா பாரு மல்லிகா, பார்ட்டியோட மூஞ்சியப் பாக்காத. எந்த வண்டில வந்து எறங்கறாங்கன்னு பாரு. பைக்குல வந்தா இந்த ஓரத்துல இருக்கறதக் காட்டு. கார்ல வந்தா நடு வரிசை. பெரிய கார்னா நேரா ஏசிக்குக் கீழ கூட்டிட்டுப் போயிரு."

ஏசிக்குக் கீழே நிற்பவை எல்லாம் இரண்டு லட்சத்துக்கு மேல். ஓரத்தில் நிற்பவை முப்பதாயிரத்துக்குள் முடிந்துவிடும். தலையை ஆட்டிவிட்டேன், ஆனால் மனசு ஒப்பவில்லை. புடவைக் கடையில் நான் ஒருநாளும் வாசலைப் பார்த்து விலை சொன்னவள் இல்லை. நூறு புடவையை விரித்தாலும் அந்தம்மாவின் கை எதன்மேல் தங்குகிறது என்றுதான் பார்ப்பேன். இந்தக் கடையில் கைக்குப் பதிலாகக் காலைப் பார்க்க வேண்டும் என்பது பிடிபட எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

இப்போது புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, ட்ரெட்மில்லுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்னு கஸ்டமர் கேட்டா என்ன சொல்றது?" என்பதுதான். ஒரே வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. பூங்கொடியக்கா கதையைத்தான் சொல்வேன்.

ரிக்காரர் வந்தார்

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒருநாள் பெரிய கார் வந்து நின்றது. இறங்கியவர் முத்துவேல். போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். வருஷத்தில் பாதி நாள் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் வண்டியோடு கிடப்பார். கூட வந்தவர் அவர் மனைவி பூங்கொடி. எங்கள் கடை வாசலில் சில படிகள் உண்டு. அந்தம்மா ஒவ்வொரு படிக்கும் நின்று, முழங்காலைப் பிடித்து, வீட்டுக்காரர் தோளில் கைவைத்து ஏறி வந்தார். முதலாளி காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கதவை அவரே திறந்துவிட்டார்.

"ஏனுங்க, உங்ககிட்ட இருக்கறதுலயே ஒசந்தது எதுங்க? அதையே போட்டுருங்க" என்றார் முத்துவேல்.

"எதுக்குங்க இந்த வெட்டிச் செலவெல்லாம்? ரோட்டுல நடந்தாப் பத்தாதா?" என்றார் பூங்கொடியக்கா.

"எங்க நடந்தே? நாலு நாள் போனே, அத்தோட நின்னுட்டே."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க அம்மிணி. ரோட்டுல எறங்குனா எதுக்க வாரவங்கெல்லாம் 'ஏனுங்க்கா, சக்கரையா?'ன்னு நிறுத்திக் கேக்கறாங்க. பதில் சொல்லியே மூச்சு வாங்குது. நடக்கறது எங்க?"

நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார், ஆனால் கண்ணில் பயம் இருந்தது. மூன்று மாதத்துக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவருடைய அக்காவுக்கு ஏற்கெனவே ஊசி. "பொங்க நோம்பிக்கு எங்கூட்டுக்கு வந்தாக்கூட ஊசியத் தூக்கிட்டுத்தான் வாரா. அதப் பாத்தாலே நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவேனுங்க" என்றார்.

முதலாளி அதற்குள் ஏசிக்குக் கீழே இருந்த மெசினை ஓடவிட்டு, பெரிய திரையில் ஏதோ வெளிநாட்டுக் கடற்கரையைக் காட்டிக்கொண்டிருந்தார். முத்துவேல் கடற்கரையைப் பார்க்கவில்லை. கம்ப்ரசரோடு வாழ்கிற மனுஷர், குனிந்து மோட்டார் மூடியைப் பார்த்தார்.

"எத்தன ஹெச்.பி.ங்க?"

"நாலுங்க சார்."

அவர் திரும்பி ஓரத்தில் கிடந்த சின்ன மெசினைப் பார்த்தார். அதன்மேலும் கொட்டை எழுத்தில் நாலு ஹெச்.பி. என்று ஸ்டிக்கர். "அதும் நாலு, இதும் நாலு. இதுக்கு மட்டும் எதுக்குங்க இத்தன ரூவா?"

முதலாளி திரையில் கடற்கரையை மாற்றி மலையைக் காட்டினார். நான் உள்ளே புகுந்தேன். "அண்ணா, பாறையில டிரில் பிட்டு சிக்குனா உங்க வண்டி ஒரு இழுப்பு இழுக்குமில்லீங்களா, அந்தக் கணக்கத்தான் சின்னதுல ஒட்டியிருக்காங்க. அது பீக் ஹெச்.பி. நாள் பூரா நின்னு ஓடற தெம்பு வேற. அது கண்டினியூயஸ். பெருசுல போட்டிருக்கறது அது."

"அப்ப அது பொய் நாலுன்னு சொல்லுங்க" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அந்த நிமிஷத்திலிருந்து என்னிடம்தான் பேசினார்.

எடையை யாரும் சொல்வதில்லை

ட்ரெட்மில்லுக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பது பாதி அளவுக்கு ஏறப்போகிறவரின் எடையைப் பொறுத்தது. எடைக்குத் தகுந்த மோட்டார், பெல்ட், அதன் அடியில் இருக்கும் டெக் பலகை இல்லாவிட்டால் சீக்கிரத்தில் மெசின் படுத்துவிடும். ஆனால் எங்கள் பக்கத்தில் நிலத்தின் விலையைக்கூட உண்மையாகச் சொல்வார்கள், எடையை மட்டும் குடும்பத்துக்கு முன்னால் சொல்லவே மாட்டார்கள்.

"எத்தன இருப்பே, எழுவதா?" என்றார் முத்துவேல்.

"அறுவத்தஞ்சுங்க" என்றார் அக்கா, சட்டென்று.

நான் "வாங்கக்கா, சித்தெ தண்ணி குடிச்சுட்டு வரலாம்" என்று அவரைப் பின்பக்க அறைக்கு அழைத்துப் போனேன். அங்கே எடை மெசின் இருக்கிறது. அக்கா என்னைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார், பெருமூச்சு விட்டு ஏறினார்.

"அவருகிட்டச் சொல்லீராதீங்க அம்மிணி."

"சத்தியமா சொல்ல மாட்டேங்க்கா."

இன்றுவரை சொல்லவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.

திரும்பி வந்ததும் பெரிய மெசினில் ஏறிப் பார்க்கச் சொன்னேன். அதன் டெக் தரையிலிருந்து நல்ல உயரம். அக்கா ஒரு காலைத் தூக்கினார், பாதியில் கீழே வைத்துவிட்டார். மறுபடி தூக்கவில்லை. நடு வரிசையில் ஒரு மெசின் இருந்தது. உயரம் குறைவு, பெல்ட் அகலம், இரண்டு பக்கமும் நீளமான கைப்பிடி, அவர் எடையைத் தாங்கும் மோட்டார். திரை மட்டும் சின்னது. விலை எழுபதாயிரத்தைச் சுற்றி. அக்கா அதில் தானாகவே ஏறி நின்று, கைப்பிடியை இரண்டு தடவை தடவிப் பார்த்தார்.

"இதுதாங்க உங்களுக்கு" என்றேன்.

முத்துவேலுக்கு முகம் சுருங்கியது. "பாதி வெலைகூட இல்லீங்களே. போன மாசந்தான் எங்க பங்காளி பெருசா ஒன்னு வாங்கி வெச்சிருக்கறான். நான் இதக் கொண்டுபோய் வெச்சா அவன் என்ன நெனப்பான்?"

"நடக்கறது நானா, உங்க பங்காளியா?" என்றார் அக்கா. பேரம் அத்தோடு முடிந்தது.

அவர்கள் கார் கிளம்பியதும் முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு லட்சத்துக்கு வந்த பார்ட்டிய எழுவதாயிரத்துல அனுப்பிட்டியே, உனக்குச் சம்பளம் நான் குடுக்கறனா அவங்க குடுக்கறாங்களா?" எனக்குக் கோபம் வந்தது. "பெருசக் குடுத்திருந்தா அந்தம்மா அதுமேல ஏறவே மாட்டாங்க சார். நாளைக்கு அதையும் நம்ம தலையிலதான் கட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

புது வண்டிக்குப் பூஜை

மெசின் போய் இறங்கிய மறுநாளே முத்துவேலிடமிருந்து போன். "அம்மிணி, நீங்க குடுத்தது ஒரே நாள்ல நின்னுபோச்சுங்க." முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மெக்கானிக் குமாரைக் கூட்டிக்கொண்டு சர்வீஸ் வேனில் கிளம்பினேன்.

வீட்டின் முன்ஹாலில், சாமி படங்களுக்கு நேர் கீழே, சோபாவுக்கு எதிரில் மெசினை வைத்திருந்தார்கள். கைப்பிடியில் கதம்ப மாலை. திரைக்குச் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். மோட்டார் மூடியில் சூடம் ஏற்றிய கறை. பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. குமார் மெசினைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மல்லிகாக்கா, இங்க வந்து பாருங்க" என்றான். அடியில், பெல்ட்டுக்கும் தரைக்கும் நடுவில், நசுங்கிய எலுமிச்சம்பழங்கள்.

ரிக் வண்டியோ லாரியோ புதிதாக எடுத்தால் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, அதன்மேல் ஏற்றித்தான் இந்தப் பக்கத்தில் எடுப்பார்கள். முத்துவேல் சக்கரத்தைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. பழங்களைப் பெல்ட்டின்மேல் வரிசையாக வைத்து, குங்குமம் தடவி, ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டார். பெல்ட் பழங்களைப் பின்னால் கொண்டுபோய்க் கீழே தள்ளி, தானே அடியில் இழுத்துக்கொண்டது. மோட்டார் இறுகி நின்றுவிட்டது.

"புது வண்டிங்க. எலுமிச்சம்பழம் வெக்காம எப்புடிங்க எடுக்கறது?" என்றார், நியாயம் கேட்பவர் போல.

எனக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். குமாரும் சிரித்தான், அவரும் சிரித்தார். சமையலறை வாசலில் நின்ற பூங்கொடியக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"எடுத்துட்டுப் போயிருங்க அம்மிணி. மொத நாளே சகுனம் சரியில்ல. நான் ஏற மாட்டேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. டாக்டர் சொன்ன மூன்று மாதம் அப்போதே ஓடத் தொடங்கியிருந்தது. குமார் அடியைத் துடைத்து, பெல்ட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, சிலிகான் ஆயில் விட்டு ஓட்டிக் காட்டினான். மஞ்சளும் குங்குமமும் பெல்ட்டின் ஓரத்தில் கறையாகப் பிடித்துவிட்டன, அது போகவில்லை. மெசின் நன்றாக ஓடியது. ஆனால் அக்கா அசையவில்லை.

நான் சமையலறைக்குள் போனேன். "அக்கா, பழம் நசுங்குனா நல்ல சகுனந்தானுங்க. திருஷ்டி கழிஞ்சிருச்சு. நெசத்தச் சொல்லுங்க, என்னங்க கொற?"

அக்கா வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒறம்பரை சனம் வந்தா கண்ணுக்குத் தெரியணும்னு முன்னால கொண்டாந்து வெச்சுட்டாருங்க. அந்த சோபாவுல காலைல டிரைவருங்க வந்து உக்காருவாங்க, கணக்குப் பாக்கறவரு வருவாரு, பங்காளி வருவாரு. அவங்க முன்னால நான் ஆடி ஆடி நடக்கறதுங்களா? கால் தடுக்கி உளுந்தா ஊரே சிரிக்கும். அதுக்கு ஊசியே போட்டுக்கறேன், போங்க."

எனக்குச் சுருக்கென்றது. கடையில் எல்லாம் கேட்டேன், எங்கே வைப்பீர்கள் என்று கேட்கவில்லை.

வெளியே வந்து நேராகவே சொன்னேன். "அண்ணா, இது வாசல்ல நிறுத்தி அழகு பாக்கற வண்டி இல்லீங்க. அக்காவுக்கு வாங்கினீங்களா, சோபாவுல உக்காரறவங்களுக்கு வாங்கினீங்களா?"

மனுஷர் சமையலறைப் பக்கம் பார்த்தார்.  பிறகு மாலையைக் கழற்றிச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார். "குமாரு, அந்தப் பக்கம் புடிப்பா."

பொடக்காலியை ஒட்டி, வீட்டின் பின்பக்கத்தில், கிரைண்டர் வைத்திருந்த அறை. ஜன்னலைத் திறந்தால் மாட்டுக்கொட்டகை. பெரிய பிளக் பாயிண்ட் இருந்தது. கிரைண்டரும் இதுவும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது என்று மட்டும் சொன்னேன். மெசினை வைத்ததும் முத்துவேல் ஆர்வமாக எதிரில் நின்றுகொண்டார்.

"நீங்க மொதல்ல அக்கட்டால போங்க" என்றார் அக்கா. அவர் போனார். குமாரையும் அனுப்பினேன்.

விழப்போனால் மெசினை நிறுத்திவிடும் சேஃப்டி கீயின் கிளிப்பை அக்காவின் சேலையில் மாட்டினேன். இருப்பதிலேயே குறைந்த வேகம். கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் விரல் வெளுத்துவிட்டது. "உட்டுப் போயிராதீங்க அம்மிணி" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நான் கூடவே நின்றேன். சற்று நேரத்தில் முந்தானை சரிந்தது. அதை எடுத்துச் செருக ஒரு கையை விட்டார். விட்ட கையை மறுபடி கைப்பிடியில் வைக்கவில்லை. கொட்டகையில் இருந்த மாடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "அதப் பாருங்க, அது ஒன்னும் கேக்க மாட்டேங்குது" என்றார் அக்கா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேய்ந்த பெல்ட்

மூன்று மாதம் முடிந்தது. போன் வரவில்லை. நானாகக் கூப்பிடப் பயமாக இருந்தது. மெசின் வாங்கியவர்கள் பொதுவாக எங்களை எதற்குக் கூப்பிடுவார்கள் தெரியுமா? "புதுசு மாதிரியே இருக்குதுங்க, எவ்வளவுக்குத் திருப்பி எடுத்துக்குவீங்க?" என்று கேட்கத்தான். அந்த வார்த்தையை அக்கா வாயால் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இந்த வருஷம் தை நோம்பி முடிந்து கொஞ்ச நாளில் அதே பெரிய கார் வந்தது. பூங்கொடியக்கா ஒரு கட்டைப்பையோடு இறங்கினார், பின்னாலேயே முத்துவேலும் வந்தார். பைக்குள்ளிருந்து சுருட்டிய ரப்பர் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தார். முத்துவேல் கழற்றிய பழைய பெல்ட். ஓரத்தில் அந்த மஞ்சள் கறை அப்படியே இருந்தது. நடுவில் கால் விழும் இரண்டு இடமும் மொழுமொழுவென்று தேய்ந்து, அடிநூல் தெரிந்தது.

"வழுக்குதுங்க அம்மிணி. வேற ஒன்னு போடோணும்."

"அக்கா, டாக்டர் என்ன சொன்னாருங்க?"

"அது அப்பவே ஊசி வேண்டாம்னுட்டாருங்க. இப்ப மாத்திரையும் ஒன்னு கொறச்சுட்டாரு. சொல்லலையா நானு?"

"எங்க சொன்னீங்க? நான் இங்க தவிச்சுட்டுக் கெடந்தேன்" என்று சத்தம் போட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

முதலாளி எழுந்து வந்தார். தேய்ந்த இடத்தில் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். இத்தனை வருஷ வியாபாரத்தில், தேய்ந்தது என்று வீட்டிலிருந்து பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அபூர்வம் என்று அவருக்கும் தெரியும். "இத நம்ம கடைக்குக் குடுத்துட்டுப் போறீங்களாங்க?" என்று மட்டும் கேட்டார். அது இப்போது ஏசிக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கிறது. எவ்வளவு செலவு பண்ணலாம் என்று யார் கேட்டாலும் அதைக் காட்டுகிறேன். யார் ஏறப் போகிறார்கள், எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். இப்படித் தேய்ப்பீர்கள் என்றால் எழுபதாயிரமும் மலிவு, தேய்க்காவிட்டால் முப்பதாயிரமும் தண்டம் என்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். சிலர் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்.

புது பெல்ட்டுக்குப் பில் போட்டு முடித்ததும் முத்துவேல் சட்டைப்பையில் கைவிட்டார். எலுமிச்சம்பழம்.

"பெல்ட்டு புதுசில்லீங்களா" என்று இழுத்தார்.

"அத இங்க குடுங்க" என்று அக்கா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "ஊட்டுக்குப் போயி ஜூஸ் போட்டுக் குடிச்சுக்கறேன். சக்கரை போடாம."

பழத்தை ஒரு கையிலும் புது பெல்ட்டை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு வாசல் படிகளில் கடகடவென்று இறங்கினார். பிடித்துக்கொள்ளத் தோள் கொடுக்கலாம் என்று பின்னால் வந்த முத்துவேல், ஆள் காருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதைப் பார்த்துவிட்டு, தனியாக இறங்கிப் போனார்.