முன்பின்னாக மாட்டிய ஜாக்கெட்

எங்கள் பக்கம் ஆண்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வார்கள். நெஞ்சில் காற்று அடிக்காது, சட்டையில் சேறு படாது. முதுகு மட்டும் திறந்து கிடக்கும். பெண்களுக்கு வேறு வழக்கம். கல்யாணம், கோயில் என்றால் தலையில் பூ நசுங்கிவிடுமே என்று தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, போலீஸ் நிற்கும் முச்சந்தி வந்ததும் மாட்டுவோம். போலீசுக்குப் பயப்படுவோம், ரோட்டுக்குப் பயப்பட மாட்டோம். அப்படிப்பட்ட புத்திசாலிகள் நாங்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒருநாள் அலோர் ஸ்டார் பட்டணத்துக்குப் போய், முழங்கையிலும் தோளிலும் முதுகிலும் கெட்டியான தடுப்பு வைத்துத் தைத்த கருப்பு ஜாக்கெட் ஒன்று வாங்கி வந்தார். அவரோடு வேலை செய்த கூட்டாளி ஒருவர் ரோட்டில் விழுந்து எழாமலே போனதிலிருந்து அவருக்கு அந்த நினைப்பு. "யாரோட சண்டைக்குப் போறீங்க?" என்று கேட்டுச் சிரித்தேன்.

போன வருஷம் பெண்டாங்கில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். புக்கிட் செலம்பாவில் எங்கள் வீட்டு வாசலில் பட்டுச்சேலையும் மல்லிகைச் சரமுமாக வந்து நின்றால், இவர் அந்த ஜாக்கெட்டை என்னிடம் நீட்டுகிறார்.

"இத போட்டுக்க. ஹெல்மெட்டையும் மாட்டு."

"பட்டுச்சேலைக்கு மேலயா? பாக்கிறவங்க சிரிப்பாங்கங்க!"

"சிரிக்கட்டும்லா. நீ போட்டாத்தான் மோட்டார எடுப்பேன்."

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டார். பிடித்தால் உடும்புப்பிடி. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதே என்று, வாய்க்குள் திட்டிக்கொண்டே மாட்டினேன். பூ நசுங்கியது, அழுகையே வந்துவிட்டது. அவர் தன் பழைய மெல்லிய ஜாக்கெட்டை எல்லாரையும் போல முன்பின்னாக மாட்டிக்கொண்டார்.

பெண்டாங் நெருங்கும் வளைவில், நெல் அறுக்கும் இயந்திரம் விட்டுப்போன சேறு ரோட்டில் கிடந்தது. முன்சக்கரம் வழுக்கியது. முழங்கைகள் தாரில் உரச உரச இழுபட்டுப் போனேன். தலை தரையில் மோதியது. ஆனாலும் எழுந்து உட்கார முடிந்தது. அவர் சற்றுத் தள்ளி மல்லாந்து கிடந்தார். கூப்பிட்டேன், பதில் இல்லை. தாலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். அவர் போட்டிருந்த தலைக்கவசம் தலையைக் காப்பாற்றியிருந்தது. முதுகில்தான் தோலே இல்லை. காயத்தில் கிருமி ஏறினால் ஆபத்து என்றார் டாக்டர். காய்ச்சல் ஏறியது. கல்யாண வீட்டிலிருந்து பார்க்க வந்த என் அக்கா, "ஒன் தாலி பாக்கியம்தான் காப்பாத்துது" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தாலி என் கழுத்துல இருந்துச்சுக்கா. ஜாக்கெட்டும் என் மேலதான் இருந்துச்சு. அவரு முதுகுல என்னா இருந்துச்சு, சொல்லு?"

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன்.

காய்ச்சல் இறங்கிய அன்று, குப்புறப் படுத்தபடியே கேட்டார்.

"ஜாக்கெட்டு என்னாச்சு?"

"முழங்கை ரெண்டும் தேஞ்சு கிழிஞ்சு போச்சுங்க."

"ஒன் கையி?"

"ஒண்ணும் ஆகல."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது வீட்டில் தடுப்பு வைத்த ஜாக்கெட் இரண்டு இருக்கிறது. அவர் தன்னுடையதை நேராக மாட்டாமல் வண்டியில் நான் ஏறுவதில்லை. சாயங்காலம் குளித்து வந்ததும் அவர் முதுகுக்கு எண்ணெய் தடவிவிடுகிறேன். என் கையில் இல்லாத தழும்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது.